ஜனவரி மாதத்து ஆப்பக் கடை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 44. பிறந்து வளர்ந்தது பினாங்கு ஜெலுத்தோங்கில். இங்கே தாதியாக வேலை செய்துவிட்டு 2009ல் அங்கே போனவர், இன்றும் அங்குள்ள பொது மருத்துவமனை ஒன்றில் தாதிதான். கணவர் ஈப்போக்காரர், ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. பிள்ளைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். பெற்றோர் இருவரும் மலேசியக் குடியுரிமையை விடவில்லை, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில் இருக்கிறார்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆறு பக்கக் கடிதம். அதில் நாலு பக்கம் ஒரு பகற்கனவு. பினாங்குத் தீவின் மறுபக்கத்துக் கிராமப்புறமான பாலிக் புலாவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. பின்னால் ரம்புத்தான் மரம், கோழிக்கூண்டு. வாசலிலேயே ஓர் ஒட்டுக்கடை. காலையில் இவர் ஆப்பம் ஊற்றுகிறார், பக்கத்தில் அம்மா முக்காலியில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் பிழிகிறார். பத்து மணிக்கெல்லாம் மாவு தீர்ந்துவிடுகிறது. அப்புறம் கால் நீட்டி உட்கார்ந்து மழையைப் பார்ப்பது. காலில் செருப்புகூட இல்லை.

மீதி இரண்டு பக்கம் நடப்பு. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கும் நாளிலிருந்து மனம் கனத்துப் போகிறது. "இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறேன். ஓய்வு நாளில் பதினோரு மணி நேரம் தூங்கினாலும் எழும்போது அடித்துப் போட்டது போல் இருக்கிறது. ரொட்டி, பிஸ்கட், சோறு என்று கை போய்க்கொண்டே இருக்கிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை." இரவு பன்னிரண்டு மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் பாலிக் புலாவ் வீட்டு விளம்பரங்களைப் பார்க்கிறார். கணவர் சொல்வது: "வருஷா வருஷம் உனக்கு இந்தக் காய்ச்சல் வரும், ஏப்ரல்ல இறங்கிடும்." இந்த வருடம் இறங்கும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும் என்று ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறார். அங்குள்ள ஓய்வூதியப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாம், மாதம் 2,000 ரிங்கிட் இருந்தால் எளிமையாக வாழ்ந்துவிடலாம் என்பது கணக்கு.

கேள்வி மூன்று. "நான் நன்றி கெட்டவளா? இது வியாதியா? இல்லை, உண்மையிலேயே திரும்பும் நேரம் வந்துவிட்டதா?"

கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி: அம்மாவுக்கு 73 வயது, முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது, இப்போது அடுப்புப் பக்கம் போவதில்லை, அண்ணிதான் சமைத்துக் கொடுக்கிறார்.

அன்புச் சகோதரி,

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. இல்லை. சம்பளம் வாங்கும் ஊரில் ஜனவரி மாதத்தைப் பிடிக்கவில்லை என்றால் அது நன்றி கெட்டதனம் ஆகாது. இங்கே கொடிமலைக்கு மேலே 'ஸ்டிராபெரி ஹில்' என்று ஓர் இடம் உண்டு, நினைவிருக்கிறதா? இந்த வெயிலில் வெந்துபோன பிரிட்டிஷ்காரர்கள், தங்கள் ஊர்க் குளிரை நினைத்து ஏங்கி, மலை ஏறிப் பங்களா கட்டிக்கொண்டார்கள். அவர்களை யாரும் நன்றி கெட்டவர்கள் என்று சொன்னதாகத் தெரியவில்லை. நீங்கள் அதையே தலைகீழாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

மற்ற இரண்டு கேள்விகளையும் நீங்கள் "இதுவா, அதுவா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கலந்திருப்பதாகப் படுகிறது. அதனால் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உடம்பு

நீங்கள் தாதி. உங்கள் இடத்தில் வேறு யாராவது இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால், இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். குளிர்காலம் தொடங்கும்போது வந்து, வசந்தத்தில் போய்விடும் மனச்சோர்வு. அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்கள் மேல் அடங்காத ஆசை, எடை ஏறுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது. சாதாரணமாக மனச்சோர்வு என்றதும் தூக்கம் போய்விடும், சாப்பாடு இறங்காது என்றுதான் நினைப்போம். இந்த வகையில் பலருக்கு அது நேர்மாறாக இருக்கும். அதனால்தான் "சோம்பேறித்தனம்" என்று தன்னையே திட்டிக்கொண்டு பலர் வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

இதைப் பருவகால மனச்சோர்வு என்று 1984ல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர். அவரும் வெயில் ஊர்க்காரர்தான், தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். நியூயார்க்குக்கு வந்த பிறகு குளிர்காலத்தில் தன் வேகமே குறைந்துபோவதைக் கவனித்திருக்கிறார். குறைந்தது இரண்டு வருடமாவது தொடர்ந்து அதே பருவத்தில் வந்து, அதே போல் விலகிப் போகிறதா என்பது மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்வி. அதற்கான பதிலை உங்கள் கணவர் கிண்டலாகச் சொல்லிவிட்டார். "வருஷா வருஷம் வரும், ஏப்ரல்ல இறங்கிடும்." அந்த வாக்கியத்தை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். கடிதம் முழுக்க "குளிர், குளிர்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் படுத்துவது குளிரைவிட இருட்டு. டிசம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் காலை 8.45 வாக்கில்தான் சூரியன் வருகிறது, பிற்பகல் 3.45 வாக்கில் போய்விடுகிறது. ஏழு மணி நேரப் பகல். ஏழரை மணிக்கு வேலையில் நுழைந்து இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிற தாதிக்கு அந்த ஏழும் கிடையாது. பினாங்கில் வருடம் முழுவதும் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்தைத் தினமும் சரி செய்வது கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான். அது கிடைக்காதபோது, எழுந்து நடமாடினாலும் உடம்பு இன்னும் இரவிலேயே இருக்கிறது. ஹீட்டரைக் கூட்டி, இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டும் ஏன் சரியாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான்.

இதற்கென்றே விளக்கு இருக்கிறது. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் பெட்டி விளக்கு. எழுந்த சிறிது நேரத்தில், பசியாறும்போது, அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். பலருக்கு ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஒப்பிட்டுச் சொன்னால், வீட்டுக்குள் எரியும் சாதாரண விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய நாளில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு அதிகம் இருக்கும். எனவே சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடமாவது கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே நடப்பது வெட்டி வேலை அல்ல. கண்ணில் நோய் இருப்பவர்களும், இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்களும், வெளிச்சத்துக்குத் தோலைக் கூசவைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளக்கைத் தொடக்கூடாது. பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும்கூட இருக்கின்றன. எது வேண்டும் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

வைட்டமின் டி மாத்திரையே போதும் என்று உங்கள் அண்ணி சொன்னாராம். அது வேறு கணக்கு. இலையுதிர், குளிர்காலங்களில் எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்லி பிரிட்டனின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. நம்மைப் போல் கறுத்த தோல்காரர்கள் வருடம் முழுக்கவே யோசிக்க வேண்டும் என்கிறது. எலும்புக்கும் தசைக்கும் நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் மனச்சோர்வுக்கு அதுதான் மருந்து என்று நம்பி, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது "நாளைக்கு எழுந்திருக்கவே வேண்டாம் என்றால் எவ்வளவு நிம்மதி" என்று தோன்றியதாகச் சொல்கிறீர்கள். களைப்பிலும் அப்படித் தோன்றும். அதைவிட ஆழமான இடத்திலிருந்தும் தோன்றும். எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன்: உயிரை விடும் எண்ணம் வருகிறதா? வந்தால் மருத்துவர் தேதி கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 116 123. கணவரிடமும் அந்த வரியைச் சொல்லுங்கள். "காய்ச்சல்" என்று அவர் கிண்டல் செய்வது, இந்த வரி அவருக்குத் தெரியாததால்தான் என்று நினைக்கிறேன்.

கனவுக்குள் யார் யார் இருக்கிறார்கள்

பகற்கனவு காண்பதை நான் குறை சொல்லமாட்டேன். வேலையும் குடும்பமும் நடக்கிற வரையில், மனம் போய் இளைப்பாறும் ஒரு திண்ணை அது. ஆனால் உங்கள் கனவை நாலு முறை படித்தேன். என் தொழில் அப்படி.

அதில் வெயில் எங்கே என்று தேடினேன். அதிகம் இல்லை. மழைதான் இருக்கிறது! அழைப்பு மணி இல்லை. ஷிஃப்ட் பட்டியல் இல்லை. யாரும் "சிஸ்டர்" என்று கூப்பிடவில்லை. பத்து மணிக்கு வேலை முடிகிறது, முடிந்தால் முடிந்ததுதான். காலில் செருப்பு இல்லை என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டரை மணி நேரம் வார்டில் நின்ற கால் அப்படித்தான் கனவு காணும். இந்தக் கனவில் பாதி பினாங்கைப் பற்றியது அல்ல, ஓய்வைப் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வு கிளாஸ்கோவிலும் கிடைக்கக்கூடிய பொருள். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ஒரு கேள்வி ஆறு பக்கத்திலும் இல்லை.

கணவரும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கனவில் குடும்பத்தை விட்டுவிட்டு வருவது தாய்மார்கள் அடிக்கடி செய்வதுதான். ஆனால் வீடு வாங்கும்போது அவர்களை விட்டுவிட முடியாது.

அம்மா இருக்கிறார். முக்காலியில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் பிழிகிறார். பின்குறிப்பில் வரும் அம்மாவோ முட்டி அறுவை சிகிச்சை செய்தவர், அடுப்புப் பக்கம் போகாதவர், முக்காலியில் குந்தி உட்கார முடியாதவர். இரண்டு அம்மாவையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு பேரும் சந்திக்கவில்லை. கனவில் வரும் அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட இருக்காது என்று நினைக்கிறேன். அப்போது உங்களுக்கு இருபது. தகரக் கூரை, கோழிக்கூண்டு எல்லாம் அந்த நாளையவை. அந்த வீட்டை விளம்பரத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இதைச் சொல்வது உங்களைக் காயப்படுத்தலாம், மன்னியுங்கள். ஆனால் நீங்கள் திரும்பி வந்தால் ஆப்பம் ஊற்றும் அம்மாவிடம் வரமாட்டீர்கள், கை பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டிய அம்மாவிடம் வருவீர்கள். அதுவும் திரும்புவதற்கு நல்ல காரணம்தான். சொல்லப்போனால் கனவைவிட நல்ல காரணம். ஆனால் அது வேறு முடிவு, அதற்குத் தேவைப்படும் வீடும் வேறு. பாலிக் புலாவைவிட மருத்துவமனைக்குப் பக்கத்தில், மாடிப்படி இல்லாத வீடாக இருக்கலாம்.

வெயில் எவ்வளவு தூரம் உதவும்?

உதவும். இருட்டால் வரும் சோர்வு, இருட்டு இல்லாத ஊரில் பெரும்பாலும் வராது. அதை மறுக்கமாட்டேன். ஆனால் வாழ்க்கை முழுவதையும் அது தூக்கி நிறுத்துமா?

டேனியல் கானமன், டேவிட் ஷ்கேட் என்ற இருவர் 1998ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் குளிர்ப் பகுதியான மத்திய மேற்கிலும், இதமான தென் கலிஃபோர்னியாவிலும் உள்ள பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டார்கள். யார் அதிகத் திருப்தியாக இருப்பார்கள் என்று கேட்டபோது, இரண்டு பக்கத்தாரும் கலிஃபோர்னியாக்காரர்களைத்தான் கைகாட்டினார்கள். தங்கள் வாழ்க்கை முழுவதையும் பற்றி அவரவர் சொன்ன திருப்தியை வைத்துப் பார்த்தால் இரு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. ஏனென்றால் அங்கே குடியிருப்பவன் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. வாடகை, மேலதிகாரி, மாமியார், போக்குவரத்து நெரிசல் என்று மற்றதெல்லாம் பின்னாலேயே வருகின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு வெயில் மட்டும் தெரிகிறது.

2007ல் வந்த இன்னோர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. தபாலில் துணி விற்கும் வியாபாரக் கணக்குகளைப் பார்த்தார்கள். வழக்கத்தைவிடக் குளிர் கூடிய நாளில் ஆர்டர் செய்த குளிர்கால உடுப்புகளை, வாங்கியவர்கள் பின்னால் அதிகமாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கோட்டு என்றால் திருப்பி அனுப்பலாம். ஜனவரியில் வாங்கிய வீட்டை ஜூலையில் திருப்ப முடியாது. விற்றால்கூட, மலேசியக் குடிமக்களுக்குப் பொதுவாக முதல் மூன்று வருடத்துக்குள் கிடைக்கும் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரியாகப் போகும். ஆறாம் வருடத்திலிருந்துதான் அது இல்லை.

பினாங்கின் மற்ற முகமும் உங்களுக்குத் தெரியும், மறந்திருக்கலாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தில் தீவின் பல பகுதிகள் மூழ்கின. 2015லும் 2019லும் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடினார்கள். டிங்கி இருக்கிறது. மார்ச் மாதப் பிற்பகலில் விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். என் அறையில் இப்போது குளிர்சாதனம் 24ல் ஓடிக்கொண்டிருக்கிறது, தோளில் ஒரு சால்வையும் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

எளிய வாழ்க்கைக்கு மூன்றரை மணிக்கு எழ வேண்டும்

உங்கள் கடிதம் வந்த வாரம், நான் வழக்கமாக ஆப்பம் வாங்கும் ஜெலுத்தோங் ஒட்டுக்கடையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். காலை ஆறரை மணி, இன்னும் விடியவில்லை. அந்த அக்கா ஆறு சட்டியை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்கிறார். ஒன்றில் மாவை ஊற்றி, சட்டியைத் துணியோடு தூக்கி ஒரு சுழற்று. அது வேகிற நேரத்தில் அடுத்ததில் தேங்காய்ப்பால். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை புள்ளி புள்ளியாகச் சூட்டுத் தழும்பு. கழுத்துத் துண்டு அந்நேரத்துக்கே நனைந்திருந்தது. முதல் நாள் மதியம் அரிசி ஊறப்போட வேண்டும், சாயங்காலம் அரைக்க வேண்டும், மறுநாள் மூன்றரைக்கு எழ வேண்டும். "மழ பெஞ்சா மாவு மிஞ்சிரும். மாவு மிஞ்சினா அன்னிக்குச் சம்பாத்தியம் போச்சு" என்றார். நீங்கள் கனவில் கால் நீட்டி ரசிக்கிற அதே மழைதான். உங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே அவராகத்தான் கேட்டார்: "மவ தாதி படிக்கிறா. லண்டனுக்கு எப்படி எழுதிப் போடணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கடை வைக்க மாநகர் மன்ற உரிமம் வேண்டும். உணவைக் கையாளுபவர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். அதெல்லாம் செய்யக்கூடியதுதான். 2,000 ரிங்கிட் கணக்குதான் உதைக்கிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். 2,000 என்பது தனி ஆள் கடன் இல்லாமல், சொந்த வீட்டில் சிக்கனமாக இருக்க ஆகும். பாலிக் புலாவில் காரோ மோட்டார் சைக்கிளோ இல்லாமல் முடியாது. நாலு பேர் குடும்பத்துக்கு, அதிலும் பள்ளிப் பிள்ளைகளோடு, அது ஒட்டாது.

மகளை நினைத்துப் பாருங்கள். 14 வயது. அடுத்த ஓரிரு வருடத்தில் அங்கே முக்கியத் தேர்வு. இங்கே அரசு இடைநிலைப் பள்ளி என்றால் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு. அதில் மலாய் மொழியும் வரலாறும் தேறாமல் சான்றிதழே கிடையாது. மலாயே தெரியாத பிள்ளைக்கு மூன்று வருடத்தில் அது பெரிய சுமை. தனியார் அனைத்துலகப் பள்ளி என்றால் ஆப்பக் கடை வருமானத்தில் நடக்காது. மகனுக்கு 9 வயதுதான், அவன் எங்கே போட்டாலும் முளைத்துவிடுவான். மகளிடம் இன்னும் நீங்கள் வாயே திறக்கவில்லை என்று தெரிகிறது.

காகிதத்தில் உள்ளவை

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் பலர் சறுக்கிய இடங்கள் இவை. கையெழுத்துப் போடும் முன் குடிநுழைவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

ஓய்வூதியம்: 44 வயதில் அந்தப் பணத்தை எடுத்து வீடு வாங்க முடியாது. தனியார் ஓய்வூதியத்துக்கே அங்கே பொதுவாகக் குறைந்தபட்ச வயது 55, 2028 ஏப்ரல் 6 முதல் அது 57. "முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது கைப்பேசியில் கூப்பிட்டால் அது மோசடிதான். உங்கள் பணம் எங்கும் போகாது, அங்கேயே இருக்கட்டும். அங்குள்ள அரசு ஓய்வூதியத்துக்கு, எதுவும் கிடைக்க வேண்டுமானால் பொதுவாகக் குறைந்தது 10 வருடச் சந்தா வேண்டும். அது உங்களுக்கு முடிந்திருக்கும். ஆனால் மலேசியாவில் குடியிருப்பவர்களுக்கு அது வருடாவருடம் ஏறாது, தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும்.

தங்கும் அனுமதி: அதைக் கையில் வைத்துக்கொண்டே பினாங்கில் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அது காலாவதியாகிவிடும். அதைத் தவிர்க்கப் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. அரசியலமைப்பின் 24ஆவது பிரிவின்கீழ் உங்கள் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க முடியும். நீங்கள் கனவு காண்பதே இங்கே வந்து வாழ்வது, அதற்கான சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 90 நாள் சுற்றுலாவாக வரலாம். குடியிருக்கவும் படிக்கவும் வேறு அனுமதி தேவைப்படும். அவர்கள் பிறந்தபோது ஒரு வருடத்துக்குள் லண்டனில் உள்ள மலேசியத் தூதரகத்தில் பதிந்தீர்களா என்பது பெரிய விஷயம். பதிந்த தாளைத் தேடி எடுங்கள்.

உங்கள் தொழில்: அங்குள்ள தாதியர் பதிவைத் தக்கவைக்க மூன்று வருடத்துக்கு 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். இங்கே தாதியாக வேலை பார்ப்பதென்றால் மலேசியத் தாதியர் வாரியத்தின் ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஆப்பக் கடைதான் ஆசை என்றாலும், இரண்டு கதவையும் பூட்டிவிடாதீர்கள்.

அந்த ராஜினாமா கடிதம்

கிழிக்கச் சொல்லமாட்டேன். மே மாதம் வரை அனுப்பாமல் வைத்திருங்கள். விளக்கு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மூன்று நாலு மாதம் போகட்டும். மே மாதத்தில் கிளாஸ்கோவில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து அதே கடிதத்தைப் படியுங்கள். அப்போதும் அனுப்பத் தோன்றினால் அது குளிர்காலம் பேசுவது அல்ல, நீங்கள் பேசுவது. நான் பார்த்தவரை, நன்றாக இருக்கும்போது எடுத்த முடிவோடு திரும்பியவர்கள்தான் இங்கே நிலைத்திருக்கிறார்கள்.

அதற்குள் ஒன்று செய்யுங்கள். ஸ்காட்லாந்தில் பள்ளி விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை. நாலு பேரும் வாருங்கள். ஹோட்டல் வேண்டாம். இரண்டு வாரம் அம்மா வீட்டில், இரண்டு வாரம் பாலிக் புலாவில் வாடகைக்கு. டுரியான் சீசனாக இருக்கும், அதனால் அந்த மலைப்பாதையில் வார இறுதியில் கார் நகராது, அதையும் அனுபவியுங்கள். ஒரு வாரம் அண்ணிக்கு விடுமுறை கொடுத்து, அம்மாவை முழுக்க நீங்களே பாருங்கள். ஒரு நாள் மூன்றரைக்கு எழுந்து அந்த ஆப்பக்கார அக்காவோடு நில்லுங்கள், நான் சொல்லி வைக்கிறேன். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கணவருக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று அவரே விசாரிக்கட்டும். கடிதத்தில் அவருடைய ஆசை என்ன என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்கும் ஈப்போவில் ஒரு கனவு இருக்கலாம், யார் கண்டார்கள்.

முழுதாகத் திரும்புவதும், அங்கேயே கிடப்பதும் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். வேலையை விடாமல் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு எடுக்க முடியுமா என்று உங்கள் நிர்வாகத்தில் கேளுங்கள், அங்குள்ள பொது மருத்துவமனைகளில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. கோடை விடுமுறையைச் சேமித்து, தைப்பூசத்தையொட்டி மூன்று வாரம் வந்து போவது இன்னொன்று. தண்ணீர்மலை ஏறி இறங்கினால் கிளாஸ்கோவின் நீண்ட இரவு நடுவில் இரண்டாக உடையும். மகளின் தேர்வுகள் முடியும்வரை அப்படி ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு திரும்பலாம். எனக்கு இந்த மூன்றாவது வழிதான் உங்களுக்குப் பொருந்தும் என்று படுகிறது. ஆனால் பின்குறிப்பில் இருக்கும் அம்மாவின் உடல்நிலை அந்தக் கணக்கை மாற்றலாம். அண்ணனிடமும் அண்ணியிடமும் மனம் விட்டுப் பேசினால்தான் அது தெரியும். நீங்கள் நாலு வருடம் கழித்து வருவதை அம்மாவால் பொறுக்க முடியுமா, அண்ணியால் பொறுக்க முடியுமா? இரண்டையும் கேளுங்கள்.

கடைசியாக, குளியலறையில் வீடு பார்க்கும் அந்த நேரம். இரவில் கைப்பேசி வெளிச்சம் தூக்கத்துக்குக் கெடுதி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அங்கே இரவு பன்னிரண்டு மணி என்றால் இங்கே காலை எட்டு மணி. உங்கள் அம்மா பசியாறும் நேரம். விளம்பரத்தை மூடிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள், பத்து நிமிடம் பேசிவிட்டுப் போய்ப் படுங்கள்.